மலாயாவிலிருந்து அவர் வந்த பிறகு

யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் இறங்கியதும் என் கணவர், காக்கி உடுப்போடு டிக்கற் சேகரிக்க நின்ற உத்தியோகத்தரைக் கண்டு இடுப்பு மடியக் குனிந்தார். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. நிமிரச் சொல்ல ஆளில்லாததால் நிமிராமலே நின்றார். நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். கப்பல் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அதுதான் முதல் அறிகுறி. எனக்கு அது விளங்க ஒரு மாதம் ஆயிற்று.

இணுவிலில் எங்கள் சிறு தெருவான ஒழுங்கையில் மூன்று வீட்டு ஆண்கள் மலாயாவில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார்கள். அவரோடு அங்கிருந்த நான், அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்திருந்த நேரத்தில் ஜப்பான்காரர் மலாயாவைப் பிடித்துவிட்டார்கள். நாலு வருஷம் ஒரு கடிதம் இல்லை. சண்டை முடிந்து அடுத்த வருஷம் அவர் வந்தார். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

முதல் கிழமை வீடு நிறையச் சனம். அயலூர்களிலிருந்தும் படங்களைக் கொண்டு வந்து, “எங்கடை ஆளைக் கண்டனீங்களோ?” என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு படத்தையும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் பேச்சே நின்றுவிட்டது. பேய்க்குணம் என்றார்கள். நூல் கட்டினோம், கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம்.

கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. வைத்தியர் பார்த்துவிட்டு பெரிபெரி (தவிட்டிலுள்ள சத்துக் கிடைக்காமல் நரம்பும் இருதயமும் தளரும் நோய்) என்றார். ஊசி போட்டார். கைக்குத்தரிசியும் பயறும் கீரையும் கொடுக்கச் சொன்னார்.

“உடம்பு மூண்டு மாதத்திலை தேறும், பிள்ளை. மற்றதுக்கு என்னட்டை மருந்தில்லை,” என்றார். “அவரைத் துருவிக் கேக்காதேங்கோ. அவராச் சொல்ல வந்தால், எழும்பிப் போகாதேங்கோ.”

இதை வாசிக்கிறவர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், எனக்குக் கிடைத்த புத்திகளில் இதுவே பெரியது.

தபால்காரர் கந்தையா அண்ணை ஒரு நாள் உள்ளே வந்தார். காக்கிச் சட்டையைக் கண்டதும், ஜப்பான் சிப்பாய்களுக்குக் குனிந்து பழகிய இவர் எழுந்து குனிந்துவிட்டார். கந்தையா அண்ணை கடிதத்தோடு திகைத்து நின்றார். “எனக்கு என்னத்துக்கு மரியாதை, தம்பி?” என்று கேட்டார். மறுநாள் முதல் சட்டையையும் தொப்பியையும் வாசல் படலையில் கொழுவிவிட்டு வெறும் மேலோடு வந்தார். ஒருவரும் அவருக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. படங்களோடு வருகிறவர்களையும் ஒழுங்கை முகப்பிலேயே மறித்து, பிறகு வாருங்கள் என்று அனுப்பியவர் அவர்தான்.

எங்கள் ஒழுங்கைப் பாக்கியம் அக்கா மட்டும் தினமும் வந்தார். அவர் கணவர் சின்னத்துரையும் இவரும் மலாயாவில் ஒரே ஸ்டேசனில் வேலை பார்த்தவர்கள். குறிஞ்சா இலைச் சுண்டலோ பயற்றங்கஞ்சியோ கொண்டு வந்து வைப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். நெற்றியில் குங்குமம் பெரிதாக இருக்கும். அவர் குரல் கேட்டாலே இவர் பின்வாசலால் வளவுக்குள் போய்விடுவார். இவருக்கு ஏதோ தெரியும் என்பது எனக்கு விளங்கியது. அக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் காலை அக்கா வெறுங்கையோடு வந்தார். கால்வீக்கம் வற்றினாலும் வேகமாக நடக்க முடியாமல் இவர் வாசற்படியிலேயே அகப்பட்டுக்கொண்டார்.

“தம்பி, அவரின்ரை சகோதரம் நாளைக்குக் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போகுது. அண்ணையின்ரை பேருக்கும் எள்ளுந்தண்ணியும் இறைக்கட்டோ எண்டு கேக்குது. நான் என்ன சொல்ல?”

நான் அசையவில்லை. இவர் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“இறைக்கச் சொல்லுங்கோ, அக்கா.”

பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. “சீயத் தேசத்துக் காட்டுக்குள்ளை தண்டவாளம் போட ஜப்பான்காரர் ஆள் கேட்டாங்கள். என்ரை பேரைத்தான் வாசிச்சவங்கள். எனக்கு மலேரியாக் காய்ச்சல். அண்ணை, தான் போறன் எண்டு முன்னுக்கு வந்தார். அங்கை வாந்திபேதியிலை போயிட்டார். கூடப் போன ஒருத்தர் திரும்பி வந்து சொன்னவர். நான் போயிருக்க வேணும், அக்கா.”

அக்கா இவருக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: “கோவமாப் போனவரோ?”

“இல்லை. ரண்டு மாதத்திலை வந்திடுவன் எண்டு சிரிச்சவர். உங்கடை ஒடியற்கூழைப் பற்றித்தான் லொறி ஏறுமட்டும் கதைச்சவர்.”

அக்கா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். எழுந்து போகும்போது சொன்னார்: “இனி என்னைக் கண்டு பின்வாசலாலை போகாதேங்கோ, தம்பி.”

அன்று பின்னேரம் உடல் இல்லாமலே அக்கா வீடு செத்த வீடாயிற்று. பறை அடித்தார்கள். பெண்கள் வட்டமாக இருந்து ஒப்பாரி வைத்தார்கள். படங்களோடு வந்தவர்கள் உடுவிலிலிருந்தும் கோண்டாவிலிலிருந்தும் வந்து அந்த வட்டத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் சின்னத்துரை அண்ணையைக் கண்டதே இல்லை. சேதி வராத தங்கள் ஆட்களை, முதல் தடவையாக, வாய்விட்டுப் பெயர் சொல்லி அழுதார்கள். என் கணவர் கடைசிவரை முற்றத்தில் இருந்தார். அழுதார்.

அவர் சுகமாகிவிட்டார் என்று எழுத எனக்குத் துணிவில்லை. குனிவது குறைந்துவிட்டது. பேசுகிறார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறார். ஆனால் நான் நாலு வருஷம் ஏங்கிக் காத்திருந்தவர், வகிடு எடுத்துத் தலைவாரி, மலாயா வீட்டு மாடிப்படியில் பாடிக்கொண்டு இறங்குகிறவர். அவர் எந்தக் கப்பலிலும் வரமாட்டார். இவருக்குச் சோறு போடும்போதே அவரை நினைத்து ஏங்குகிறேன். முன்பு அது பாவம் என்று பயந்தேன். இப்போது பயமில்லை. இவரும் அப்போதைய என்னைத் தேடுகிறார் என்று தெரிந்துகொண்டேன்.

போன மாதம் நான் கஞ்சி வார்க்கையில் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “உந்தத் தழும்பு முந்தி இல்லை. எப்ப வந்தது?”

“நீங்கள் இல்லாத முதல் வருஷம். நெல்லு அவிக்கேக்கை சுட்டது.”

“சொல்லும்,” என்றார்.

அந்த நாளைச் சொன்னேன். அதே மாதத்தில் தான் எங்கிருந்தார் என்று அவர் சொன்னார். தோளில் ஒரு வடுவைக் காட்டினார். அன்று தொடங்கி நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி வருகிறோம். ஊருக்கு இது சித்திரை வெயில். கதையில் நாங்கள் இருவரும் இன்னும் பிரிந்திருந்த காலத்தின் இரண்டாம் வருஷத்து மாரிமழையில் இருக்கிறோம்.