மீசை எடுத்த முகம்

அப்பாவுக்குக் கொள்ளி வைத்த மூன்றாம் நாள், மொட்டைத் தலையும் மீசை எடுத்த முகமுமாக பைக்கில் அருப்புக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாலவனத்தம் தாண்டியதும் போலீஸ் மறித்தது. ஒருவர், முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் ஆப் இருந்த செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் என் படத்துக்குப் பக்கத்தில், செயின் பறிப்பில் தேடப்படும் ஒருவனின் படம் வந்து நின்றது. அவனுக்கும் மொட்டை, மீசை இல்லை. இந்தச் சீமையில் தகப்பனைப் பறிகொடுத்த எவனும் அப்படித்தான் இருப்பான். அது அந்தப் போன் சனியனுக்குத் தெரியவில்லை.

"அப்பா செத்துட்டாக சார். கொள்ளி வச்சவன் நான்."

"ஏன்டா, போனு பொய் சொல்லுமா?"

அறைந்த அறையில் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. ஸ்டேஷனில் குப்புறப் போட்டு உள்ளங்காலில் லத்தியால் அடித்தார்கள். நகை எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். வலி பொறுக்காமல் நான் திட்டிய ஒரு வார்த்தைக்கு, பூட்ஸ் காலால் மிதித்துச் சுண்டுவிரலை ஒடித்தார்கள்.

சாயங்காலம் சேதி தெரிந்து அக்கா, எங்கள் தெருச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதில் அப்பாவின் படத்துக்குக் கீழே, மகன் என்ற குறிப்போடு நான் மீசையோடு இருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் என்னை விட்டார்கள். விடுவதற்கு முன்னால், ரெக்கார்டுக்கு என்று ஒரு படம் எடுத்தார்கள்.

முடியும் மீசையும் வளர்ந்துவிட்டன. போன வாரம் காரியாபட்டியில் வேறொரு போலீஸ்காரர் போனை நீட்டினார். திரையில் மொட்டைத் தலையும் கிழிந்த உதடுமாக ஒருவன் வந்தான். கீழே 'சந்தேக நபர்' என்று எழுதியிருந்தது.

இந்தத் தடவை போன் பொய் சொல்லவில்லை. அது நானேதான்.