அதிகாரி தெலுங்கில் கேட்டார்

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வழிக்கென்று ஓர் அறை இருந்தது. நான் ஐந்தாவது வரை அங்கே படித்தேன். ஆறாவதுக்கு வெகுதூரம் போகவேண்டும் என்பதால் நின்றுவிட்டேன். பிறகு கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை.

என் மகளும் அந்த அறையில்தான் மூன்றாவது படித்தாள். மற்ற பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் வேன் அள்ளிக்கொண்டு போக, ஏழெட்டுப் பேர் மிஞ்சினார்கள். அவர்களைத் தமிழ் வழியில் சேர்த்துவிடலாமா என்று பெற்றோரைக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். மகளுக்குக் கணக்கெல்லாம் தெலுங்கில்தான் வரும், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒன்றாவது பிள்ளைகளோடு உட்காரவைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி, இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தாள்.

நைட் ஷிப்டு முடித்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கூட்டத்துக்குத் துணையாக வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் என் இடுப்பில் இடித்தார்.

"நீ சொல்லுடா. இங்க படிச்சவன் நீதான்."

"நீயே சொல்லேண்ணா."

"எம் பையன் வேன்ல போய்க்கினு இருக்கான். நான் இன்னா மூஞ்சிய வச்சிக்கினு பேசறது?"

அதிகாரி என்னைப் பார்த்து, மகளுக்குத் தெலுங்கு வழி வேண்டுமா என்று நல்ல தெலுங்கிலேயே கேட்டார். எழுந்து நின்றேன். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கம்பெனி கேட், எங்கே யார் கேட்டாலும் எனக்குத் தமிழ்தான் வரும். அப்படியே பழகிவிட்டது.

"வேணுங்க சார். பாப்பாவுக்குத் தமிழ்ல பாடம் புரியாதுங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். "நான் தெலுங்குல கேட்டும் நீங்க தமிழ்லதான் பேசறீங்க. பாப்பா சீக்கிரம் பிடிச்சிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதாவது தெலுங்கில் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ் வழியில் சேர்த்தாலும், ஆசிரியர் கிடைத்தால் தெலுங்கு ஒரு பாடமாக இருக்கும் என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை.

வெளியே அண்ணன் பிடித்துக்கொண்டார். "வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த?"

"தூக்கம்ணா" என்றேன்.

ஜூனில் மகளை ஒன்றாவது பிள்ளைகளோடுதான் உட்காரவைத்தார்கள், தமிழ் சரளமாகப் படிக்க வரும்வரை என்று. முதல் நாள் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் கொஞ்ச தூரம் இருக்கும்போதே கையை விடச் சொன்னாள். சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்களாம். அவள் உள்ளே போகும்வரை நின்றிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்தேன்.