பிரிஞ்சாங் படிக்கட்டில் அண்ணி

அன்று காலை எங்கள் குழு வைத்த நடை நிகழ்ச்சிக்காக, மலை டவுனான பிரிஞ்சாங்கில் வந்து நின்றவர்கள் இவர்கள்: கோலாலம்பூரில் கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் நாலைந்து பேர், கழுத்தில் கேமரா தொங்கிய ஒரு சீனத் தம்பதியர், தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் குழுவில் என்னோடு வேலை செய்யும் இருவர், நான். வராதவர்கள் அம்மா, அண்ணன், மற்றும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் அத்தனை பேரும். இரவுச் சந்தை போடும் திடலின் ஓரத்தில் பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. முட்டைக்கோசு ஏற்றிய லோரி ஒன்று உறுமிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அண்ணி மட்டும் கூட்டத்தில் சேராமல் ஒரு கடையின் தாழ்வாரத்துக்கு அடியில் நின்றிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் கட்டும் நீலப் புடவை கட்டியிருந்தார். அக்குளில் மடித்து இடுக்கிய காய்கறிப் பை. பையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு, அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். அந்தப் பையைத்தான் இப்போதும் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணி ஈப்போக்காரர். அவருடைய அப்பா ஒரு கடை வரிசைக்கு இரவுக் காவலாளி. அதே வரிசையின் மாடியில் ஓர் அறையில் குடும்பம் இருந்தது. கதவைத் திறந்து படி இறங்கினால் தெரு. பள்ளி விட்டு வந்ததும் அந்தப் படியில் உட்கார்ந்து, சாயங்காலம் விளக்கு போடும் வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ரிங்லெட்டில் இருந்த ஒரு சொந்தக்காரர் மூலமாக எங்கள் அண்ணனுக்குப் பேசி முடித்தார்கள். அண்ணன் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர், நல்லவர், ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதிதாக வந்த நாட்களில் அண்ணி எதிர்மேட்டைக் காட்டி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். தேயிலை என்றாராம் அண்ணன். அதற்கும் அந்தப் பக்கம்? தேயிலைதான். இதை அண்ணனே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார். அண்ணியும் சிரித்தார். அவர் சிரிப்பு மட்டும் சீக்கிரம் முடிந்துவிட்டது.

எங்கள் மேட்டைப் பார்க்க வருகிறவர்கள் பச்சைக் கம்பளம் என்கிறார்கள். அண்ணிக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. தேயிலைச் செடி இடுப்புக்கு மேல் வளர விடமாட்டார்கள். ரோட்டில் ஒருவர் நடந்தால் மேட்டில் கொழுந்து பறிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். யார் மருமகள், எந்தப் பக்கம் போகிறாள், எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறாள் என்பது அவள் வீடு வந்து சேரும் முன் லயத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஒளிய ஒரு மரம் கிடையாது. பனி இறங்கினால்தான் மறைவு உண்டு. பனி இறங்கும்போது வாசலுக்கு வந்து நிற்கும் ஒரே ஆள் அண்ணிதான் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. டவுனுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்க வேண்டும். ஒரு வீட்டில் கருவாடு, ஒரு வீட்டில் தலைவலித் தைலம், ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் காலுறை. தனக்காக மட்டும் டவுனுக்குப் போவது என்று ஒன்று எங்களிடம் கிடையாது. அண்ணியும் அந்தப் பழக்கத்தை உடனே பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் லயத்துக்காகப் பை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் போனார். சொன்னதில் ஒன்று விடாமல் வாங்கி வந்தார். ஆனால் மற்றவர்கள் மத்தியான பஸ்ஸில் திரும்பினால், அவர் கடைசி பஸ்ஸில் வந்தார்.

அந்த நேரத்தில் என்ன செய்தார் என்பதை என்னிடம் மட்டும் சொன்னார். அப்போது நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் என்பதால் லயத்தில் எல்லாரும் என்னிடம் சம்பளத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். அண்ணி தெருவைப் பற்றிக் கேட்டார். கடை மூடிய பிறகு எந்தத் தெருவில் விளக்கு எரியும், மழை வந்தால் ஜனங்கள் எங்கே ஒதுங்குவார்கள், படியில் சும்மா உட்கார்ந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களா. பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலுக்குப் பக்கத்தில் மேல் தெருவுக்கு ஏறும் படிக்கட்டு ஒன்று இருந்தது. சாமான் வாங்கி முடித்ததும் அதில் போய் உட்காருவாராம். ஹோட்டலின் பின்பக்கம் தெரியும். காயும் படுக்கை விரிப்புகள், காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தொலைபேசியில் ஊருக்குப் பேசும் நேபாளத்துச் சமையல்காரன், குழாயடியில் பாத்திரத்தோடு ஒருத்தி. ஒருவரும் இவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். “டவுன்ல நம்மள யாருக்கும் தெரியாது தம்பி. அந்த ஒரு மணி நேரம் நான் யாரு வீட்டு மருமவளும் இல்ல,” என்றார். நான் தலையாட்டினேன். அப்போது அது எனக்கு ஒரு அழகான வாக்கியமாக மட்டும் பட்டது.

படிக்கட்டில் அவரை யாரோ பார்த்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் மூன்றாம் வீட்டு அக்கா சத்தமாகவே கேட்டாராம்: “என்னா லா, டவுன்ல படியில ஒக்காந்து யாருக்குக் காத்துக்கிட்டு இருந்த? சொல்லு, நாங்களும் வந்து பாக்கறோம்.” எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் குடத்தைத் தூக்கிக்கொண்டே சிரித்தார். அண்ணன் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

லயம் அவரைத் திட்டவில்லை. சாமான் சொல்வதை நிறுத்தியது, அவ்வளவுதான். முதலில் நிறுத்தியது எங்கள் அம்மா. நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமை, அண்ணி வழக்கம்போல மடித்த பையோடு ஒவ்வொரு வாசலாகப் போனதை எங்கள் வாசலில் இருந்து பார்த்தேன். ஒரு வீட்டில் எல்லாம் இருக்கிறது என்றார்கள். ஒரு வீட்டில் மகன் லோரியில் வாங்கி வருகிறான் என்றார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டார்கள். கடைசி வீட்டிலிருந்து திரும்பி வந்தவர் பையைச் சட்டி அலமாரியின் மேல் வைத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தார். மறுநாள் போகவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. சாமான் சொல்வார் இல்லாமல் ஒரு பெண் டவுனுக்குப் போக எங்கள் லயத்தில் காரணமே கிடையாது.

படிப்பு முடித்து நான் சேர்ந்த வேலை விநோதமானது. நகரத்தின் பழைய தெருக்களிலும் சந்துகளிலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது. எதையும் வாங்காமல் நடந்து, நின்று, பார்ப்பது. நடுவில் ஒருவர் கதை படிப்பார், ஒருவர் பாடுவார், அங்கேயே வாழும் ஒருவர் தன் தெருவைப் பற்றிப் பேசுவார். இதைக் கலை நிகழ்ச்சி என்று சொல்லி நான் வீட்டுக்கு விளக்கியபோது அண்ணன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். “நடக்கறதுக்கா ஒன்ன படிக்க வெச்சோம்?” என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் போனபோது அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நீங்க நடந்தா வேலை தம்பி. நான் நடந்தா வேற பேரு.”

அந்த வார்த்தை என்னோடு பஸ் ஏறி வந்தது. எங்கள் குழு பிரிஞ்சாங்கில் ஒரு நடை வைக்கலாம் என்றபோது, படிக்கட்டுப் பகுதியை அண்ணிதான் காட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவருக்கு அந்தப் படிக்கட்டு திரும்பக் கிடைக்க வேண்டும். அவர் அங்கே போவதை ஊர் அறிய ஒரு வேலையாக ஆக்கிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். அம்மாவும் அண்ணனும் இருக்கும்போதே கேட்டேன். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கை கழுவி முடித்து, “பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்றார். அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

நடை அன்று விடிகாலை நாங்கள் கிளம்பி வாசலைத் தாண்டியபோதுதான் அம்மா கூப்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார். “வரப்ப பெருங்காயம் ஒரு டப்பா வாங்கிட்டு வா.” வீட்டில் பாதி டப்பா பெருங்காயம் இருந்தது எனக்கே தெரியும். அண்ணி திரும்பி உள்ளே போய், ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து பையை எடுத்தார். தூசியைப் படியில் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு மூன்றாம் வீட்டுக் கதவு திறந்தது. தலையை மட்டும் நீட்டிய அக்கா, “எனக்கு ஒரு கட்டு வெத்தல. நல்லதா பாத்து வாங்கு, போன தடவ மாதிரி வாடுனத கொண்டாந்துராத,” என்றார். எந்தப் போன தடவை? வருஷம் ஓடிவிட்டது. அண்ணி சரி என்றார். பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், வேகமாக.

நடை நன்றாக நடந்தது என்றே எங்கள் குழு நினைக்கிறது. சந்தைத் திடல், லோரிகள் சாமான் இறக்கும் முற்றம், ஹோட்டல்களின் முதுகுப்பக்கம் எல்லாம் பார்த்தோம். படிக்கட்டுக்கு வந்ததும் நான் அண்ணியை அறிமுகம் செய்தேன். அவர் ஏறி, தன் வழக்கமான படியில் உட்கார்ந்தார். எல்லாரும் அரைவட்டமாகக் கீழே நின்றார்கள். கேமராக்கள் உயர்ந்தன. இங்கே உட்காரும்போது என்ன தோன்றும் என்று ஒரு மாணவி மலாயில் கேட்டாள். அண்ணி கொஞ்சம் யோசித்து, ஒன்றும் தோன்றாது, அதற்காகத்தான் உட்காருவேன் என்றார். அழகான பதில் என்று அந்த ஆசிரியை தமிழில் பாராட்டினார். காய்கறிப் பெட்டியில் உட்கார்ந்திருந்த சமையல்காரன் இத்தனை பேர் தன் பக்கம் பார்ப்பதைக் கண்டு எழுந்து உள்ளே போய்விட்டான். அண்ணி அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, மணி என்ன தம்பி, கடைக்குப் போகணும் என்றார். கூட்டமும் பின்னாலேயே வந்தது, அதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து. மளிகைக்கடைக்காரர், “ரொம்ப நாளா ஆளக் காணோமே, இன்னிக்கு ஊர்வலமா வந்துட்டீங்க?” என்று சிரித்தார். பெருங்காய டப்பா கை மாறியதையும் யாரோ படம் பிடித்தார்கள். அண்ணி பாக்கிச் சில்லறையை முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். மேட்டு ரோடு வளைய வளைய, இடுப்பளவுச் செடிகள் இரண்டு பக்கமும் வர ஆரம்பித்தபோது சொன்னார்: “இத்தன பேரு பாத்தா அது டவுனு இல்ல தம்பி. அதுவும் லயந்தான்.” குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ அடையாளம் காட்டுவது போலச் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணி டவுனுக்குப் போகிறார். சனிக்கிழமை சாயங்காலம் எல்லா வாசலிலும் சாமான் சொல்கிறார்கள், பக்கத்து லயத்திலிருந்துகூட வந்து சொல்கிறார்கள். பை நிறைந்து, கையிலும் ஒன்று தொங்க, மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுகிறார். என் மருமகள் மாதிரி யாரும் வாங்க மாட்டார்கள் என்று அம்மா சொல்லிக்கொள்கிறார். படிக்கட்டுப் பக்கம் போவதுண்டா என்று ஒரு முறை கேட்டேன். எங்க தம்பி நேரம் என்றார், வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது நேராக வீட்டுக்குப் போகாமல் பிரிஞ்சாங்கில் இறங்கினேன். படிக்கட்டில் போய் அவருடைய படியில் உட்கார்ந்தேன். விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. பெட்டியில் வேறு ஒரு பையன் உட்கார்ந்து தொலைபேசியில் பேசினான், எனக்குப் புரியாத மொழியில். என்னை யாரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படி இருந்தபோது, இந்த இடத்தில் உட்கார எவ்வளவு தனிமை வேண்டும் என்பது தெரிந்தது. அப்போது கீழே தெருவைக் கடந்து அண்ணி போனார். பையின் கனத்தில் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. படிக்கட்டின் அடியில் வந்ததும் பையைத் தரையில் வைத்து, கை மாற்றிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கூப்பிடவில்லை. தெரிந்தவன் ஒருவன் மேலே உட்கார்ந்திருக்கிறான் என்பதை அவர் அறிய வேண்டாம் என்று இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் போய்விட்டார்.

நடை முடிந்த அன்று சாயங்காலம் அவர் அந்தப் பையை எங்கள் அடுப்படியில் பிரித்தது நினைவுக்கு வந்தது. வெற்றிலைக் கட்டை மூன்றாம் வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, பெருங்காய டப்பாவை அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா அதைத் திருப்பிப் பார்த்து, பழைய பாதி டப்பாவின் பக்கத்தில் அடுக்கினார். காலையிலிருந்து டவுனில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், என்ன பேசினாள் என்று எதையும் கேட்கவில்லை. எவ்வளவு ஆச்சு என்று மட்டும் கேட்டார். அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

“மூணு வெள்ளி இருவது காசு, அத்தை.”