அக்கா வேண்டாம் என்ற மோட்டார்

என் பிள்ளைகளுக்கும், அக்காவின் முதல் வருஷத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், சிநேகிதர் அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் நான்காம் பாரம் வரை படித்தவன். அலங்காரமாக எழுத வராது. நினைவு மலரில் கோபம் கூடாது என்று அச்சுக்கூடத்தில்கூடச் சொன்னார்கள். எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் அது அக்காவைப் பற்றி எழுதியதாகாது.

அக்கா எண்ணூரில் பிறந்தவர்கள். அப்பாவுக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. பதினான்கு வயதில் இராயபுரத்தில் ஜட்கா வைத்திருந்தவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். பத்து வருஷத்தில் மாமா காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. இரண்டு ஜட்காவும் மூன்று குதிரையும் மிஞ்சின. எல்லாவற்றையும் விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்றோம். "குதிர இன்னாடா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டு, ஆள் வைத்துத் தாமே தொழிலை நடத்தினார்கள். பிரசவத்துக்குப் போகும் பெண்கள் அக்காவின் வண்டி என்றால் நம்பி ஏறினார்கள். புதிதாக ஒரு வண்டி வாங்குவதென்றால், ஆறு பேரை ஏற்றிக் கல் பெயர்ந்த ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள்.

நம் வீட்டுக்கு மோட்டார் வண்டி வாங்கச் சொன்னவர்களே அக்காதான். ஐந்தாவது பிரசவத்துக்கு உங்கள் அம்மாவைத் திருவொற்றியூரிலிருந்து இராயபுரம் ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் கொண்டுபோகையில் பாதி வழியிலேயே வலி முற்றிவிட்டது. வழியெல்லாம் உங்கள் அம்மாவைத் தாங்கிப் பிடித்து வந்த அக்கா, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் என்னிடம், "வூட்ல எட்டு உருப்படி ஆய்ப்போச்சு. ஒரு பழைய மோட்டாரா பாத்து வாங்குடா. என் வண்டிய நம்பிக்கினு இருக்காத" என்றார்கள். இதை எல்லோரும் நிதானமாகப் படியுங்கள். மோட்டார் வேண்டும் என்று முதலில் சொன்னவர்கள் அக்கா.

வண்டி பார்க்க முன்வந்தவர் எங்கள் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன், பிள்ளைகளே, உங்களுக்குப் பெரியப்பா. யானைக்கவுனிப் பக்கம் ஒரு ஷெட்டில் பச்சை மோட்டார் ஒன்று இருந்தது. நல்ல நேரம் பார்த்து, எங்களுக்காக அவரே தரகரிடம் தாம்பூலம் மாற்றிவிட்டார். டிரைவர் தனியாக உட்கார்ந்து இரண்டு தெரு ஓட்டிக் காட்டினார். சூடம் கொளுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். நம்மவர்கள் மோட்டார் வாங்கும் லட்சணம் இதுதான். நாள் பார்ப்போம், நிறம் பார்ப்போம், கதவைப் பார்க்க மாட்டோம்.

மறுநாள் அக்கா, உங்கள் ஐந்து பேரையும் உங்கள் அம்மாவையும் என் தாயாரையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள்.

"தாராளமா பத்து பேரு குந்தலாம்மா" என்றார் தரகர்.

"குந்த வெச்சுப் பாக்கறேன், இரு."

பின் இருக்கையை அகலமாக்குவதற்காக யாரோ உள்ளே இருந்த மரச்சட்டத்தைச் செதுக்கியிருந்தார்கள். காலியாக இருக்கையில் கதவு கச்சிதமாக மூடியது. ஏழு பேர் உட்கார்ந்ததும் சட்டம் கீழே இறங்கி, இடது பின்கதவில் ஒரு விரல் நுழையும் சந்து விழுந்தது. தாழ்ப்பாள் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. அக்கா அந்தச் சந்தில் விரலை விட்டுக் காட்டினார்கள்.

"திருப்பத்துல பாரம் இந்தப் பக்கம் சாஞ்சா தொறந்துக்கும். ஓரத்துல குந்தின புள்ள ரோட்ல கெடக்கும். வாணாம்."

"இன்னாமே, மோட்டார் வந்தா உன் ஜட்கா படுத்துக்கும்னு வயிறு எரியுதா?" என்றார் அண்ணன். ஷெட்டே சிரித்தது.

"என் வயிறு எரிஞ்சிட்டுப் போவுது நைனா. உன் கண்ணு இன்னாத்துக்குக் கீது? குனிஞ்சு பாரு."

அவர் குனியவில்லை. "தாம்பூலம் மாத்திக்கினு இப்போ வாணாம்னா, என் மூஞ்ச எங்க வெச்சுக்கறது?" என்றார். அந்த மூஞ்சிக்காகவே வண்டியைத் தாமே வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து நாங்கள் வாங்கிய கறுப்பு மோட்டார், பார்ப்பதற்கு அலமாரி மாதிரி இருக்கும். ஆனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக். அக்கா நம் எல்லோரையும் ஏற்றி எண்ணூர் வரை ஓட்டச் சொன்னார்கள். திருப்பத்தில் தாமே கதவில் சாய்ந்து பார்த்தார்கள். ரயில்வே கேட்டருகே திடீரென்று நிறுத்தச் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் "ம், வாங்கு" என்றார்கள்.

பிறகு மூன்று வருஷம், கல்யாணம் என்றாலும் காதுகுத்து என்றாலும் அண்ணனுக்கு ஒரே பரிகாசம். "ஜட்காக்காரி வர்றா, கதவெல்லாம் இஸ்துப் பாருங்கப்பா!" அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். முதலில் அக்கா பதிலுக்குப் பதில் கொடுத்தார்கள். பிறகு வாயைத் திறக்கவில்லை. கடைசி வருஷம் விசேஷங்களுக்கே வரவில்லை.

இதற்கிடையில் அண்ணனின் இரண்டாவது மகளுக்கு இடது கை முறிந்தது. மாடிப்படியில் ஓடி விழுந்துவிட்டாள் என்றார்கள். தண்டையார்பேட்டையில் எலும்புக்குக் கட்டுப்போடும் வைத்தியரிடம் வாரம் தவறாமல் அவளை அழைத்துப் போனது யார்? அக்காதான், அதே ஜட்காவில்.

மஞ்சள் காமாலை கண்டு அக்கா பன்னிரண்டு நாள் நம் வீட்டில் கிடந்தார்கள். ஒரு நாள் காலையில் என்னைக் கேட்டார்கள்: "ஏன்டா, அந்தப் பச்ச வண்டியப் பத்தி நான் தப்பாத்தான் சொல்ட்டேனா? இன்னும் ஓடிக்கினுதானே கீது?"

"அதெல்லாம் இப்போ எதுக்குக்கா?" என்றேன். எனக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. மறுநாள் அக்கா இல்லை. என்மேல் எனக்குள்ள கோபம் மற்ற எல்லாக் கோபத்துக்கும் மேலே நிற்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் மனைவி, என் அண்ணி, என்னைத் தனியே கூப்பிட்டார்கள். "தம்பி, எம் பொண்ணு படியில வுழல. மூலக்கொத்தளம் திருப்பத்துல அந்தக் கதவு தொறந்துக்குச்சு. அன்னிக்கே கதவ உள்பக்கமா கயிறு போட்டுக் கட்டிட்டாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. கொழந்தையையும் பொய் சொல்ல வெச்சோம்."

நேரே அண்ணனிடம் போனேன்.

"போனவ போய்ட்டா. இப்போ சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார்.

"உங்க மானம் பெரிசு, அவங்க மானம் பெரிசில்லியா?"

"பொம்பள சொன்னது பலிச்சுதுன்னு நான் தம்பட்டம் அடிக்கணுமா, போடா."

அவரே சொல்லட்டும் என்று ஒரு வருஷம் பொறுத்தேன். சொல்லவில்லை. ஆகவே அச்சில் போடுகிறேன்: அக்கா சொன்னது சரி. நாங்கள் சிரித்தது தப்பு. இதனால் பங்காளிக்குள் பகை வரும் என்கிறார்கள். வரட்டும்.

காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுத் தாயாருக்கும், தினமும் வந்து பார்த்த டாக்டருக்கும், குதிரைகளை இன்றுவரை பட்டினி போடாமல் காக்கும் வண்டிக்காரருக்கும், அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. "எழுது தம்பி. எனக்குத் திட்டு வுழும், வுழட்டும்" என்று உத்தரவு கொடுத்த அண்ணிக்குத் தனியாக என் நன்றி.

அண்ணன் மகளே, இனி உனக்கு. நீ படியில் ஓடவில்லை. உன்னைக் கவனமில்லாதவள் என்று ஏசியதெல்லாம் பொய். கை வலிக்க வலிக்க உன் அத்தையின் மடியில் உட்கார்ந்து போனாயே, அப்போது நீ உண்மையைச் சொல்லாததும் உன் குற்றம் இல்லை. பெரியவர்கள் உன் வாயைக் கட்டினார்கள். இன்று திதிச் சாப்பாட்டில் முதல் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார். கைக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், கதவு திறந்துகொண்டது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்.