கண்ணாடிக் கூட்டில் கிடந்த நீர் மாத்திரைகள்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் ஒருவருடைய கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால், அந்தக் குழி நிரம்புகிற நேரத்தை வைத்து அவர் உடம்பில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். தரமணிப் பக்கம் மூன்று மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு, வீடுகளில் போய்ப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பதினான்கு வருடங்கள் ஓடிவிட்டன. கை நன்றாகவே பழகியிருக்கிறது. வாய்தான் பழகவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அந்தக் கூச்சத்தால் ஒருவரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொரு வயது. இதயம் கொஞ்சம் பலவீனம். காலையில் பிரஷருக்கு ஒரு மாத்திரை, தேங்கும் நீரை வெளியேற்ற ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. இரவில் கொழுப்புக்கு ஒன்று, அதை அவருடைய மனைவி கொடுத்துவிடுவார். அந்த அம்மாளை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். நான் காலை ஏழு மணிக்குப் போய் எடை பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன், மாத்திரை கொடுப்பேன், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மாத்திரைக்கு நேராக டிக் போடுவேன். தி. நகரில் இருக்கும் டாக்டரம்மா அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும்.

நீர் மாத்திரையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிடும். பத்து மணிக்குள் நாலு தடவை, ஐந்து தடவை பாத்ரூமுக்குப் போக வேண்டியிருக்கும். அவசரமாக எழுந்தால் பிரஷர் மாத்திரை தலையைச் சுற்ற வைக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார வைத்து, பிறகுதான் கையைப் பிடித்து எழுப்புவேன்.

ஒருநாள் காலை டாக்டரைப் பார்க்க ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்ததில் வண்டி அசையவே இல்லை. அவர் என் கையைப் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே வந்தது. பிறகு சட்டென்று விட்டுவிட்டார். வேட்டி நனைந்திருந்தது. என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் மடியில் விரித்தேன். ஆட்டோக்காரரிடம் திரும்பச் சொன்னேன். வீட்டில், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம் என்று மாமியிடம் சொல்லிவிட்டு, வேட்டியை நானே அலசிக் காயப்போட்டேன். அவரும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் மரியாதை என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவர் காலையில் ஒரு தடவைதான் பாத்ரூம் போனார். எனக்குச் சந்தோஷம். உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது என்று முடிவு கட்டினேன். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதை நோட்டில் எழுதினேன். மாமி வீட்டுக் காபியும் இட்லியும் உடம்பில் ஒட்டுகிறது என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் கணுக்காலில் குழி விழுந்தது. எடை இரண்டரை கிலோ கூடியிருந்தது. நோட்டைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம். ஒரு நாள்கூட டிக் தவறவில்லை. ஒரு மாத்திரை போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, நாளையிலிருந்து இரண்டு கொடுங்கள் என்றார்.

மறுநாள் இரண்டு கொடுத்தேன். இன்று பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்தே நேரம் போய்விடும் என்று, வழியில் கிடந்த மிதியடியைக்கூடச் சுருட்டி வைத்தேன். எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பத்து மணி வரைக்கும் அவர் எழுந்தது ஒரே ஒரு தடவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தால் இப்படிப் படுத்திருக்க முடியாது.

அவர் மாத்திரை போட்டதும் தினமும் என்ன செய்வார் என்று யோசித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். கூட்டைத் திறந்து, துணியை எடுத்துத் துடைத்து, மூடி வைப்பார். நான் என்ன செய்வேன்? டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன். அவ்வளவு பெரிய மனிதரின் வாயைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சம். திரும்பி நின்றபடியே டிக் போடுவேன்.

அவர் கண் எதிரிலேயே கூட்டைத் திறந்தேன். துணிக்கு அடியில் சின்ன வெள்ளை மாத்திரைகள் கிடந்தன. பதினொன்று. ஒன்பது நாளுக்கு ஒன்பது, இன்றைக்கு இரண்டு.

"இன்னா சார் இது?" என்றேன். 

"கதவைச் சாத்து" என்றார்.

சாத்தினேன்.

"பேத்திக்குக் கல்யாணம் வரதோல்லியோ. இன்னும் எட்டு நாள். வடபழனியில அத்தனை பேர் முன்னாடி மேடையில உக்காந்துண்டு, அன்னிக்கி ஆட்டோல ஆன மாதிரி ஆச்சுன்னா? அதுவரைக்கும் வேண்டாம்னு பாத்தேன். கல்யாணம் முடியட்டும், நீ ரெண்டு குடு, மூணு குடு, முழுங்கறேன்."

"கல்யாணத்துக்கு நீங்க இருக்கணுமே சார்."

"மெரட்டறியா?"

"இல்ல சார். நேத்தியிலேர்ந்து ரெண்டு தலைகாணி கேக்குறீங்க. படுத்தா மூச்சு முட்டுது, அதானே? எனக்குத் தெரியும்."

அவர் கூட்டை வாங்கி மூடினார். "நீ டாக்டர்கிட்ட சொன்னா உன் வேலை போயிடும். டிக் போட்டது நீதானே?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார், விடை என்னவோ அதைச் சொன்னார்.

அது சரியான விடைதான். பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவனை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? வேறு வழியையும் யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் சொல்லாமல், நாளையிலிருந்து நின்று பார்த்து இரண்டையும் விழுங்க வைத்துவிடலாம். ஆனால் அந்த இரண்டு என்கிற அளவே என்னுடைய பொய் டிக்கைப் பார்த்துப் போட்ட அளவு. ஒன்றே போதுமானதாக இருந்த உடம்பில் இரண்டு போனால் நீரும் உப்புச் சத்தும் அளவுக்கு மேல் இறங்கிவிடலாம், பிரஷர் விழுந்துவிடலாம். கொடுக்காவிட்டால் மூச்சு. இரண்டுக்கும் நடுவில் டாக்டர் ஒருவர்தான் நிற்க முடியும்.

டாக்டரிடம் நான் அதுவரை போனில் பேசியதில்லை. நம்பரைப் போட்டு மாமியிடம் கொடுத்துவிடுவேன். அன்று நானே காதில் வைத்தேன்.

"சொல்லுங்க. மாமி இல்லையா?"

"நான்தான் டாக்டர் பேசுறேன். என் டிக்கு தப்பு. சார் பத்து நாளா நீர் மாத்திரை போடல. நான் பாக்காம டிக் போட்டுட்டேன்."



"அதை நம்பித்தானே டோஸை ஏத்தினேன்?"

"ஆமா டாக்டர். அதுக்குத்தான் சொல்றேன்."

"மூச்சு எப்படி இருக்கு?"

நிமிடத்துக்கு இருபத்தாறு. படுத்தால் முட்டுகிறது, உட்கார்ந்தால் பரவாயில்லை. நாடி, பிரஷர், எடை எல்லாம் சொன்னேன். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. உடனே கூட்டி வரச் சொன்னார்.

மாமியிடம் மாத்திரை விஷயத்தை நானே சொன்னேன். ஆட்டோவில் நடந்ததைச் சொல்லவில்லை. மாமி அவரைப் பார்த்து, "நன்னாருக்கு! பசங்க காப்பி அடிச்சா பெஞ்சு மேல ஏத்தினவர், மாத்திரையை ஒளிச்சு வெச்சிண்டிருக்கார்" என்றார். சொல்லிக்கொண்டே அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

தி. நகரில் ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மாலை வரைக்கும் வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறல் குறைந்ததும் டாக்டர் அவரிடம், "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார். அவர் கூரையைப் பார்த்தார். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். மாமி, நர்ஸ், டாக்டர் என்று மூன்று பேர் இருக்கிற அறையில் நான் வாயைத் திறந்தேன்.

"வெளிய போற நாள்ல பாத்ரூம் கெடைக்காதுன்னு பயம் டாக்டர். யாருக்கும் இருக்கறதுதான். அந்த நாள்ல மட்டும் நேரத்தை மாத்தித் தர முடியுமா?"

டாக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இதை முன்னாடியே கேட்டிருந்தா இவ்வளவும் வேண்டாமே" என்றார். பழையபடி ஒரே மாத்திரை போதும், கல்யாணத்தன்று மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்து மதியம் போட்டுக்கொள்ளலாம், இரண்டு மணியைத் தாண்ட வேண்டாம், ஊறுகாய் அப்பளத்தைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே பாத்துக்குங்க. ஆனா பாத்துட்டு டிக் போடுங்க" என்றார். வேலை போகவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் தனியாக வடபழனிக்குப் போய் மண்டபத்தைப் பார்த்தேன். மேடையிலிருந்து பாத்ரூமுக்கு முப்பத்தெட்டு அடி, நடுவில் ஒரு படி. அந்த வழியில் இரண்டாவது வரிசை ஓரத்து நாற்காலிக்குத் துண்டு போட்டு வைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் முகூர்த்தத்தில் பேத்தி, "தாத்தா, மேல வாங்கோ" என்று கூப்பிட்டாள். நாதஸ்வரம் காதைப் பிளந்தது. அவர் ஆசையில் விசுக்கென்று எழப் பார்த்தார். "சார், ஒக்காருங்க! ஒரு நிமிஷம் காலை ஆட்டுங்க, அப்பால எழுந்திருங்க!" என்று கத்தினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. என் வாழ்க்கையில் ஒரு மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி நான் பேசியது அது ஒன்றுதான். அவர் உட்கார்ந்து காலை ஆட்டினார், எழுந்தார், படி ஏறினார், அட்சதை போட்டார். வேட்டி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

பந்தியில் அப்பளம் இலையில் விழுந்ததும் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "பாதி?" என்றார். மறுபடியும் ஆட்டினேன். அதை எடுத்து மாமி இலையில் வைத்தார்.

பாயசம் வருவதற்குள் அவரே கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "மணி பன்னெண்டரை. வா, ஆத்துக்குப் போலாம். நமக்கு வேலை இருக்கு."

வீட்டில் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராக நின்று பார்த்தேன். அவர் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு பக்கமும் காட்டினார்.

"என்ன இது, சின்னக் கொழந்தையாட்டம்?" என்றார் மாமி.

"வழியைக் காட்டாம விடையை மட்டும் எழுதினா மார்க் கெடையாதுன்னு முப்பது வருஷம் சொன்னவன் நான். இப்ப டிக் போடறது இவன். காட்டித்தானே ஆகணும்?"

நான் டிக் போட்டேன். மூன்று மணிக்குள் நாலு தடவை நடந்தோம்.

இதை எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். ஆட்டோவையும் சேர்த்து எழுது, பெயரைப் போடாதே என்றார்.