முள் நின்ற இடம்

மோர்டனில் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போனேன். வீட்டுக்காரர் கப்பல் கருவிகள் திருத்தியவர். மெலிந்த மனிதர். குசினிக்குள் வரும்போதெல்லாம் சுவரிலிருந்த, மணிக்கூடு போன்ற ஒரு வட்டின் முள்ளைப் பார்ப்பார். அதைச் சுற்றி தண்ணி, தேத்தண்ணி, வா என்று எழுதியிருந்தது.

"என்ன அண்ணை இது?"

"சிங்க்ரோ எண்டு கப்பல்ல பாவிக்கிற கருவி, தம்பி. மனிசிக்குப் பேச்சு நிண்டிட்டுது. கட்டிலடியில ஒரு குமிழ் வைச்சுக் குடுத்தனான். அவ அங்க எவ்வளவு திருப்பிறாவோ, இங்க முள்ளும் அவ்வளவு திரும்பும்."

முள் 'வா'வில் நின்றது.

"அக்கா கூப்பிடுறா போல."

"கூப்பிட்டவ. நான் கடைக்குப் போயிருந்தனான். வரேக்க சீவன் போயிட்டுது."

"இதைக் கழட்டிப்போட்டு பெயின்ற் அடிக்கட்டோ?"

"வேண்டாம். கரண்டையும் நிப்பாட்டாதேங்கோ, முள் விலகிப்போயிடும். குமிழில கடைசியாப் பட்டது அவவின்ர கை."

முள்ளைச் சுற்றிச் சின்னப் பிரஷால் அடித்தேன். படுக்கையறைக்குள் அவர் என்னை விடவில்லை. நானும் கேட்கவில்லை.