பவானி அக்காவின் சுடுநீர் பிளாஸ்க்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒரு லாரி ஓட்டுநரைப் பகல் தூக்கச் சோதனைக்குப் படுக்க வைத்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டறையில் படுக்கச் சொல்லி, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று பார்க்கும் சோதனை அது. விளக்கை அணைத்ததும் கைப்பேசியில் செய்தி வந்தது. பவானி அக்காவின் கணவர் அனுப்பியிருந்தார்: "அக்கா காலையில போயிட்டாங்கம்மா." ஓட்டுநர் நான்காவது நிமிடத்தில் தூங்கிவிட்டார். அதைக் குறித்துக்கொண்டேன். அவர் எழும்வரை திரையை விட்டு நகரக் கூடாது. உட்கார்ந்திருந்தேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையின் நரம்புச் சோதனை அறையில் நானும் அக்காவும் பதினேழு ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து தினமும் கடல் பாலம் கடந்து தீவுக்கு வருவார். ஆனாலும் தீவிலேயே இருக்கும் எனக்கு முன்னால் வந்து, கடிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பார். அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

மூளை அலைச் சோதனைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லி நம் ஆட்களிடம் சீட்டுக் கொடுப்போம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதால் அன்றைக்குத்தான் வழிய வழிய வைத்து வருவார்கள். எண்ணெய் முடியில் வயர் ஒட்டாது. நான் எரிச்சலோடு வேறு தேதி கொடுப்பேன். அக்கா கைகழுவும் தொட்டியருகே நாற்காலியைப் போட்டு, தானே ஷாம்பூ போட்டு அலசிவிடுவார். "திரும்பி வரச் சொன்னா இன்னொரு நாள் லீவு போடணும் லா, பாவம்" என்பார். தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு யாராவது வந்தால், "இவருதான் நல்ல பேஷண்ட்" என்று எனக்குக் கண்ணைக் காட்டுவார்.

ஒருநாள் பாசார் சந்தையில் மீன் விற்பவர் ஒருவர், விரல்கள் மரத்துப்போகின்றன என்று வந்தார். மணிக்கட்டில் சிறு மின்சாரம் கொடுத்து, நரம்பின் அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தேன். எல்லாமே தாமதம். நரம்பு நசுங்கியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்தத் தாள் டாக்டரிடம் போயிருந்தால் அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்திருப்பார்கள். அக்கா தாளைப் படிக்கவில்லை. மீன்காரரின் கையைத் தொட்டார். "அண்ணே, நேரா ஐஸ் பெட்டியிலேருந்தா வர்றீங்க?" என்றார். தன் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, துண்டை நனைத்து, பத்து நிமிடம் கையைச் சுற்றி வைத்தார். மறுபடி பார்த்தோம். நரம்பு ஒழுங்காக இருந்தது.

என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அலை லேட்டா வந்தா மொதல்ல குளிரைச் சந்தேகப்படு. அலையோட உயரம் கொறைஞ்சா நரம்பைச் சந்தேகப்படணும். குளிர்ல உயரம் கொறையாது." அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் வெட்கமாக இருந்தது.

போன வருடம் அவரால் வயர் ஒட்டும் டேப்பைக் கிழிக்க முடியாமல் போனது. பல்லால் கிழித்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, "தேவி, எனக்கு ஒண்ணு எடுத்துப் பாரு" என்று கையை நீட்டினார்.

எடுத்தேன். அலை நேரத்துக்கு வந்தது. உயரம்தான் இல்லை, பாதிக்கும் கீழே. இடது கையிலும் அப்படியே.

"கை குளிர்ந்திருக்குக்கா. ஏர்கோன் வேற ஜாஸ்தி. நாளைக்குப் பார்ப்போம்" என்றேன்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சுடுதண்ணியில வச்சிட்டுத்தான் வந்தேன், தேவி. எழுது."

எழுதினேன். தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக அடங்கும் நோய் அது என்று பிறகு டாக்டர் சொன்னார். அக்காவுக்கு அன்றே தெரிந்திருந்தது.

அந்த பிளாஸ்க் இப்போது என் மேசையில் இருக்கிறது. இயந்திரத்தைப் போடுவதற்கு முன் கையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். மீன்காரர் வந்துபோன பிறகு ஒரு நோயாளியைக்கூடத் தொடாமல் நான் சோதித்ததில்லை. அன்று அக்காவின் கையையும் முதலில் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.